மாத்திரைய நிறுத்தாத கண்ணு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது,

நேத்து வைபர்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் போயிருச்சு, அப்புறம் ரங்கூன்ல எங்க பக்கம் ராத்திரி பூரா கரண்ட் இல்ல, அதான் சொல்ல வந்தத எழுதியே அனுப்புறேன். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு டாக்டர் குடுத்த ஆன்டிபயாட்டிக்க ரெண்டு நாளோட நிறுத்திட்டேன்னு சொன்ன பாரு, அதக் கேட்டதுலேர்ந்து எனக்கு தூக்கம் வரல. குடல்ல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துரும், வயித்துல இருக்கிற புள்ளைக்கு மூளை வளராதுன்னு பயந்து நீ அனுப்புன கட்டுரைய நானும் அப்பாவும் உக்காந்து முழுசா படிச்சோம், புரியாத எடத்த உன் தம்பிகிட்ட கேட்டு கேட்டு.

அந்த ஆராய்ச்சி பொய் இல்லம்மா. லாஸ் ஏஞ்சல்ஸ்ல எலைன் ஷியாவோன்னு ஒரு அம்மா, அவங்க டீம் 2020ல நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகைல போட்டது. தாய் எலியோட குடல்ல கிருமியே இல்லாம பண்ணிட்டா, வயித்துல இருக்கிற குட்டியோட மூளைல தாலமஸ்னு உணர்ச்சிய வாங்கி மேல அனுப்புற எடத்துலேர்ந்து போற நரம்பு இழைங்க சரியா வளரல, அந்த குட்டிங்க பெருசானப்புறமும் தொடு உணர்ச்சி கொஞ்சம் மந்தமா இருந்துச்சு. தாயோட குடல் கிருமிங்க உண்டாக்குற சில பொருள் ரத்தத்துல கலந்து கருவோட மூளை வரைக்கும் போகுதாம், அது போகாததாலதான் இந்த குறை. எனக்கு படிக்கவே சிலிர்த்துப்போச்சு, புள்ளைய நாம மட்டும் சுமக்கல போல.

ஆனா நீ கட்டுரைய பாதி படிச்சதோட நிறுத்திட்ட. சில வகை கிருமிய தாய்க்கு திரும்ப குடுத்தப்போ, இல்ல அந்த பொருள மட்டும் குடுத்தப்போகூட, குட்டிங்களுக்கு அந்த குறை வரலன்னும் அதே ஆராய்ச்சிதான் சொல்லுது. அதுவும் அது எலி, குடல காலி பண்றதுக்குன்னே பல ஆன்டிபயாட்டிக்க கலந்து குடுத்த எலி. உனக்கு குடுத்தது கர்ப்பிணிக்கு ஆகுமான்னு பாத்து எழுதுன ஒரு மருந்து, கொஞ்ச நாளைக்கு. ரெண்டும் ஒண்ணா?

யூரின்ல இருக்கிற கிருமிய விட்டா அது கிட்னிக்கு ஏறலாம், குளிர் ஜுரம் வரலாம், மாசத்துக்கு முன்னாடியே வலி எடுத்துரலாம். பெகு சித்தி மகளுக்கு அப்படித்தான் ஆச்சு, உனக்கே தெரியும், அந்த புள்ளைய கண்ணாடி பெட்டில வச்சுல்ல காப்பாத்துனாங்க. உன் புள்ளையோட மூளைக்கு இப்ப பயப்பட வேண்டியது அந்த ஜுரத்துக்குத்தான்.

கிருமிய பத்தி கவலப்பட்டா சாப்பாட்டுல பாரு. நார்ச்சத்துதான் அதுங்களுக்கு தீனி, நம்ம ஊர் பேபியோ மாதிரி வேகவச்ச பட்டாணி, புளிச்சகீரை, முருங்கக்கீரை சாப்பிடு, தயிரும் சேத்துக்கோ. லப்பே கேட்டல்ல, அனுப்புறேன், ஆனா அது டீ எலதான், கர்ப்பத்துல கொஞ்சமா தொட்டுக்கோ. டப்பால விக்கிற வெல கூடுன ப்ரோபயாட்டிக், அதான் நல்ல கிருமி மருந்து, டாக்டர கேக்காம வேண்டாம்.

பொறந்தப்புறமும் நெறய இருக்கு. தாய்ப்பால்ல இருக்கிற ஒரு வகை சர்க்கரை புள்ளைக்கே ஜீரணம் ஆகாது, பிஃபிடோபாக்டீரியான்னு புள்ளையோட குடல்ல இருக்கிற நல்ல கிருமி திங்கிறதுக்குத்தான் அது. 2004ல ஜப்பான் கியூஷூ யுனிவர்சிட்டில, கிருமியே இல்லாம வளத்த எலிங்கள அசைய விடாம அடச்சு வச்சா உடம்புல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அளவுக்கு மேல ஏறுனத பாத்தாங்க, சின்னதுலயே கிருமிய சேத்தப்போ ஓரளவு அடங்குச்சு, வளந்தப்புறம் சேத்தா அடங்கல. அதனால மொத மாசங்கள்ல பால் குடுக்க முடிஞ்ச மட்டும் குடு. நான் வந்து கூட இருக்கணும்னு பாஸ்போர்ட்டுக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கேன், கெடச்சா ஒடனே கெளம்பிருவேன்.

நாளைக்கு காலைல மொத வேலையா கிளினிக்குக்கு போன் போடு. ரெண்டு நாள் போட்டு விட்டுட்டேன்னு மறைக்காம சொல்லு, அதையே தொடரணுமா, யூரின் மறுபடி டெஸ்ட் பண்ணணுமான்னு கேளு, நீயா மீதிய எடுத்து முழுங்காத. ஜுரமோ இடுப்பு வலியோ வந்தா ராத்திரின்னு பாக்காம மாப்பிள்ளைய எழுப்பி ஆஸ்பத்திரிக்கு போ. டாக்டர் என்ன சொன்னாருன்னு எனக்கு வாய்ஸ் அனுப்பு, கரண்ட் வந்ததும் கேட்டுக்குறேன்.

உன் அம்மா