கார் ஆக்சஸரீஸ் கடைக்காரர்களுக்கு: பில்லில் நாலு வரி கூடுதலாக எழுதுங்கள்

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு முதல் கோவை, மதுரை வரை கார் ஆக்சஸரீஸ் கடை நடத்துபவர்களுக்கும், சிஎன்ஜி கிட் பொருத்தித் தரும் ஒர்க்‌ஷாப்காரர்களுக்கும் வணக்கம். வாகனக் காப்பீட்டுத் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

காரில் கூடுதலாக ஒரு பொருளைப் பொருத்திவிட்டு, "இன்சூரன்ஸ்காரனிடம் சொல்லாதீங்க, பிரீமியம் ஏத்திடுவான்" என்று வாடிக்கையாளரிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏறும் தொகை எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம்.

ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விளக்கு போன்ற மின்சாதனங்களுக்கு, இந்தியன் மோட்டார் டாரிஃப் என்ற வாகனக் காப்பீட்டுக் கட்டண விதித்தொகுப்பின் கணக்குப்படி மதிப்பில் 4 சதவீதம். 30,000 ரூபாய் ஸ்டீரியோவுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அலாய் வீல் மின்சாதனம் அல்ல. அதன் விலை வண்டியின் ஐடிவியோடு, அதாவது காப்பீடு செய்யப்படும் மதிப்போடு, சேரும். சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கான கட்டணத்தை (சொந்தச் சேதப் பிரீமியம்) இப்போது கம்பெனிகளே முடிவு செய்வதால் தொகை சற்று முன்பின் இருக்கும். அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் இன்ஜின் சிசியை வைத்துத்தான். 2022 ஜூன் முதல் வந்த விகிதத்தில் 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416 ரூபாய். ஸ்டீரியோ மாட்டினால் இதில் ஒரு பைசாவும் ஏறாது.

சிஎன்ஜி கிட்டுக்கும் மதிப்பில் 4 சதவீதம்தான். தேர்ட் பார்ட்டியில் 60 ரூபாய் சேரும். 60,000 ரூபாய் கிட் என்றால் மொத்தம் 2,460. இந்தத் தொகையை மிச்சப்படுத்தப் போய், வண்டி எரிந்தால் க்ளெய்ம் முழுவதும் நிராகரிக்கப்படலாம். ஆகவே வரிசை மாறாமல் செய்யுங்கள்: அங்கீகாரம் பெற்ற கிட், சிலிண்டர் சான்றிதழ், 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவித்து ஆர்சியில் எரிபொருள் மாற்றம், பிறகு பாலிசியில் எண்டார்ஸ்மென்ட், அதாவது அந்த மாற்றத்தைச் சேர்க்கும் திருத்தப் பதிவு. பாலிசி பாதியில் இருந்தாலும் எண்டார்ஸ்மென்ட் கிடைக்கும். மீதி நாட்களுக்கு மட்டுமே கட்டணம். சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் எனும் நீரழுத்தச் சோதனை உண்டென்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வயரிங். 60/55 வாட் பல்பு இருக்கும் ஹோல்டரில் 100/90 வாட் பல்பைப் போட்டால், 12 வோல்ட்டில் ஹை பீமுக்கு ஒரு பல்பு இழுக்கும் மின்சாரம் 5 ஆம்பியரிலிருந்து 8 ஆம்பியருக்கு மேல் போகிறது. ரிலே இல்லை, தடித்த வயர் இல்லை. முதலில் உருகுவது வயரை பல்போடு இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர். ஃபியூஸ் போகிறதென்று 10 ஆம்பியர் இடத்தில் 20 ஆம்பியர் செருகினால் ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும். கம்பெனி வயரை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால், தீ விபத்து ஆய்வில் இன்சூரன்ஸ் சர்வேயரின் கண் முதலில் அங்கேதான் போகும். கப்ளர் டு கப்ளர் ஹார்னஸ் (கம்பெனி வயரை வெட்டாமல் செருகும் வயர்த்தொகுப்பு), பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே: இவை இல்லாமல் தயவுசெய்து பொருத்தாதீர்கள்.

பிரீமியம் கட்டினாலும் சரியாகாத வேலைகளும் உண்டு. ஆர்சி விவரத்துக்கு முரணான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். தண்டனை வாங்குபவர் உங்கள் வாடிக்கையாளர்.

பிரீமியம் குறையும் மாற்றமும் இருக்கிறது. அதைக் கடையில் யாரும் சொல்வதே இல்லை. மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்காகக் கையால் இயக்கும் பிரேக், ஆக்சிலரேட்டர் பொருத்தி ஆர்சியில் பதிந்தால், டாரிஃப்படி சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதக் கழிவு. வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்கு 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். அந்த 50 சதவீதம் ஒரு குடும்பத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் கையில் நிற்கும் பணம். அந்த வேலை செய்பவர்கள் இதைக் கேட்காமலே எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஜிஎஸ்டி பில்லில் வண்டி நம்பர், பொருளின் மாடல், சீரியல் நம்பர், பொருத்திய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பொருத்தும் கூலியைத் தனி வரியில் காட்டுங்கள். பில்லைக் கொடுக்கும்போது, "இதை போட்டோ எடுத்து இன்னிக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் பண்ணிடுங்க" என்று சொல்லுங்கள்.