செஃபிரினைத் தோண்டி எடுத்துவிட்டேன்

க்ராய்டன்
9 நவம்பர்

அன்புள்ள கோமதி,

எந்த ரோஜா வைக்கலாம் என்று கேட்ட உன் கடிதம் ஆகஸ்டில் வந்தது. இப்போது நவம்பர். காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஹாஸ்டல் நாளிலிருந்தே என் காரணங்களுக்கு உன்னிடம் இருக்கிற மரியாதை எனக்குத் தெரியாதா? இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முட்டி வலி, வழக்கம்போல. சின்னவள் வேலை மாறிவிட்டாள். என்ன வேலை என்று இரண்டு தடவை விளக்கினாள், புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன். பத்மா போன் பண்ணினாள், இன்னும் அந்தக் குடையைத்தான் கேட்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செஃபிரினைத் தோண்டி எடுத்துவிட்டேன்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். பதினோரு வருஷம் அவள் புகழை உன்னிடம் பாடியவள் நான். வாசல் கதவோரம் முள்ளில்லாத கொடி ரோஜா வேண்டும் என்று தேடினால் எல்லோரும் செஃபிரின் ட்ரூயனைத்தான் கைகாட்டுவார்கள். 1868இல் பிரான்ஸில் பிறந்தவள். கோட்டிலும் சேலையிலும் மாட்டாது, தபால்காரர் திட்டமாட்டார், ஜூன் மாதம் கதவைத் திறந்தாலே வீட்டுக்குள் வாசனை வந்துவிடும். ஆனால் ஜூலை பிறந்ததும் பார்க்க வேண்டுமே. இலையில் ஓரம் கலைந்த கரும்புள்ளிகள், அதைச் சுற்றி மஞ்சள், அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்ந்து ஆகஸ்டில் குச்சிகள் மட்டும் நிற்கும். மொட்டுகளில் வேறு சாம்பல் நோய், மாவு தூவின மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்தடித்தேன். விடுமுறைக்குப் போனால்கூட, வந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் தெளிப்பானைத்தான் எடுப்பேன். இவர் ஒருநாள், "இது செடியா, நோயாளியா?" என்று கேட்டார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

தப்பு அவள்மேல் மட்டும் இல்லை. நான் வைத்த இடம் அப்படி. இரண்டு சுவர் சேரும் மூலை, காற்றே போகாது. மேலே வாசல் கூரை இருப்பதால் வேருக்கு மழை கிடையாது, இலையில் மட்டும் சாரல். கரும்புள்ளி ஒரு பூஞ்சைதானே. இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால் அதன் வித்து முளைத்துவிடும். சாம்பல் நோய்க்கோ வேர் காய்ந்து கிடந்தால் கொண்டாட்டம். இரண்டுக்கும் சேர்த்து நான் விருந்து வைத்திருக்கிறேன். வேரைத் தோண்டி எடுக்க மூன்று மணி நேரமானது. அழுதேனா என்று கேட்காதே.

இனி உன் பட்டியல். கேட்டலாக்கிலிருந்து வெட்டி ஒட்டி, ஏழு ரோஜா, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "வாசனை!" "நிறம்!" என்று ஆச்சரியக்குறி. ஒன்றின் பக்கத்திலாவது "இலை" என்று எழுதினாயா? பெண் பார்க்கப் போய் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்த உன் பெரியப்பா நினைவுதான் வந்தது.

முதலில் நான்காவது பெயரை அடித்துவிடு. அது செஃபிரின். உனக்குமா!

கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை அழகி, மறுக்கவில்லை. புதுப் புது ரோஜா இனங்களை உண்டாக்கிய டேவிட் ஆஸ்டினின் முதல் ரோஜா அவள்தான், 1961இல் வந்தவள். பழைய காலிக்கா ரோஜா ஒன்றையும் புது ஃப்ளோரிபண்டா ஒன்றையும் கலந்து உண்டாக்கியது. பழைய ரோஜாவின் இதழ்க் கூட்டமும் மணமும் வேண்டும், புது ரோஜாவைப் போலத் திரும்பத் திரும்பவும் பூக்க வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஆசை. ஆனால் இவள் வருஷத்துக்கு ஒரே தடவைதான் பூப்பாள், கோடையின் தொடக்கத்தில். அவள் கேட்கிற அளவு சுவரும் உன்னிடம் இல்லை. விடு.

கிரஹாம் தாமஸ் என்ற ரோஜா 1983இல் செல்சி மலர்க் கண்காட்சிக்கு வந்தபோதுதான் ஆஸ்டின் பெயர் ஊரெல்லாம் பரவியது. அந்த மஞ்சளுக்கு ஈடு இல்லை. என் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது, செப்டம்பரில் கால் பக்கம் முழுக்க மொட்டை. முன்னால் வேறு செடி வைத்து மறைத்திருக்கிறார்கள். ஜெர்ட்ரூட் ஜீக்கிலுக்கு வாசனை ஒன்றுக்காகவே கோயில் கட்டலாம், ஆனால் முள்! நடைபாதை ஓரத்தில் வைக்கிற ஜாதி இல்லை. பின்னால் தள்ளி வை, அல்லது மறந்துவிடு.

செஃபிரின் மாதிரிப் பழைய ரோஜாக்கள் பிறந்த காலத்தில் இலை நோயைப் பற்றி இவ்வளவு கவலை இல்லை. அதற்கு ஒரு காரணம் படித்தேன், உனக்குப் பிடிக்கும். நிலக்கரிப் புகையில் இருந்த கந்தகம் கரும்புள்ளிப் பூஞ்சையை அடக்கி வைத்திருந்ததாம். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்து, நகரங்களில் புகை குறையக் குறைய, ரோஜாவுக்கு இந்த நோய் கூடிவிட்டது. மனுஷனுக்கு நெஞ்சு சுத்தமாச்சு, செடிக்கு இலை போச்சு. உன் ஷெஃபீல்டில் அத்தனை உலைகள் எரிந்த நாளில் யாராவது ரோஜா வளர்த்திருந்தால் பூவில் கரி படிந்திருக்கும், ஆனால் இலையில் புள்ளி இருந்திருக்காது!

சரி, என்னதான் வைப்பது என்கிறாய். புதர் ரோஜாவுக்கு ஒலிவியா ரோஸ் ஆஸ்டின். 2014இல் வந்தது, இளஞ்சிவப்பு, ஆஸ்டினின் பேத்தி பெயர். என் வீட்டில் மூன்று வருஷமாக இருக்கிறது, ஒரு சொட்டு மருந்து படவில்லை, போன வாரம்கூட இலை பளபளவென்றிருந்தது. இதே இனத்தில் மூன்று செடி வாங்கி, அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி விட்டு முக்கோணமாக நடு. இரண்டு வருஷத்தில் ஒரே பெரிய புதராகத் தெரியும். ஒன்றை மட்டும் நட்டால் ஒல்லியாக நிற்கும். ஆரஞ்சு நிறம் வேண்டும் என்று அடம் பிடித்தால் லேடி ஆஃப் ஷாலட், அதுவும் கெட்டி. கொடிக்கு தி ஜெனரஸ் கார்டனர், வெளிறிய ரோஸ் நிறம், பூ தலை கவிழ்ந்து நிற்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கென்றே படைத்த மாதிரி.

ஆனால் நான் சொன்னதற்காக வாங்காதே. இந்தப் பூஞ்சைக்கும் பல ரகம் உண்டு. ஒரு ஊரில் தாங்குகிற ரோஜா இன்னொரு ஊரில் படுத்துவிடும், இன்று தாங்குவது பத்து வருஷம் கழித்துத் தாங்காமலும் போகலாம். அதனால் இந்த வாரமே உன் தெருவில் ஒரு நடை போ. நவம்பரிலும் இலையோடு நிற்கிற செடி எது, மொட்டையாக நிற்பது எது என்று பார். இலையோடு நிற்பதன் பெயரை வெட்கப்படாமல் கதவைத் தட்டிக் கேள். நீ கேட்பாய், உனக்கு எப்போது வெட்கம் இருந்தது?

இடம். முன்பக்கம் பழைய வீட்டுக்காரர் வைத்திருந்த ரோஜாவைப் பிடுங்கிய அதே குழியில் புதிதை வைக்கலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம், கோமதி. ரோஜா இருந்த மண்ணில் உடனே புது ரோஜா வைத்தால் சவலையாகவே கிடக்கும். அந்த இடம்தான் வேண்டுமென்றால் நீள அகல ஆழம் ஒரு முழத்துக்கு, அதாவது 45 செ.மீ., மண்ணை எடுத்துவிட்டு, காய்கறிப் பாத்தியிலிருந்து வேறு மண் போடு. குழிக்குள் ஓர் அட்டைப் பெட்டியை இறக்கி அதற்குள் நடுகிறவர்களும் உண்டு. அட்டை மக்குவதற்குள் வேர் நிலைத்துவிடும். வடக்குச் சுவர் எண்ணத்தையும் விடு. குறைந்தது நாலு மணி நேரம் வெயில் வேண்டும், உனக்குக் கிழக்குச் சுவர் போதும். கொடியைச் சுவரை ஒட்டி நடாதே. அடிச்சுவர் மண்ணில் மழையே விழாது. அரை மீட்டர் தள்ளி நட்டு, சாய்த்துக் கொண்டுபோ. உன் களிமண்ணைத் திட்டாதே, ரோஜாவுக்குக் களிமண் பிடிக்கும்.

இப்போது வேர் மட்டும் உள்ள செடிகள் வரும், தொட்டிச் செடியைவிட மலிவு. வந்ததும் இரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் வை. ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். அதற்குக் கீழேயிருந்து வெளிறிய இலையோடு ஒரு கிளை வந்தால் காட்டு ரோஜா என்று அர்த்தம். வெட்டாதே, மண்ணை விலக்கி அடியோடு பிய்த்து எடு. கொடியின் நீளக் கிளைகளைப் படுக்கைவாட்டில் கட்டு. நேராக விட்டால் உச்சியில் மட்டும்தான் பூக்கும், படுத்த கிளையில் கணுவுக்குக் கணு பக்கக் கிளை விட்டுப் பூக்கும். கவாத்துக்கு பிப்ரவரியில் கூப்பிடு, போனிலேயே சொல்கிறேன். உதிர்ந்த இலையைப் பொறுக்கிவிடு, நோய் அதில்தான் குளிர்காலம் கழிக்கும். அசுவினிப் பூச்சிக்கு மருந்து வேண்டாம், விரலால் நசுக்கினால் போதும். தண்ணீர் காலையில், வேருக்கு.

இவ்வளவும் எழுதிவிட்டேன். இப்போது நீ எழுதியதற்கு வருகிறேன்.

இரண்டு பக்கம் ரோஜா எழுதிவிட்டு, ஏழாவது படத்துக்குக் கீழே, ஓரத்தில், பென்சிலில்: "கண்ணனுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், டிசம்பரில் மறுபடி பார்க்கணுமாம்." சத்தியமாக, அந்த வரியை ஞாயிறு சாயங்காலம்தான் பார்த்தேன். கையில் மண்ணோடு உன் பட்டியலைத் தேடி எடுத்தபோது. உடனே போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய்? "ஒன்றும் இல்லை, எந்த ரோஜா வாங்கட்டும், அதைச் சொல்லு." அந்தக் குரல் எனக்குத் தெரியும். உன் அப்பா விஷயத்தில் தந்தி வந்த அன்று இதே குரலில்தான் மெஸ்ஸில் சாம்பார் உப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

அதனால்தான் கேட்டதற்குப் பதிலை முழுசாக எழுதினேன். எழுதியாகிவிட்டது, இனி ரோஜாவைச் சாக்கு வைக்க முடியாது. எந்த இடத்தில் ஸ்கேன், என்ன சொன்னார்கள், கண்ணன் சாப்பிடுகிறாரா, நீ தூங்குகிறாயா, எல்லாம் எழுது. மூன்று மாதம் அந்த வரியைப் பார்க்காமல் இருந்ததற்கு என்னைத் திட்டு, ஆனால் எழுது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். நான்கு செடிக்குச் சொல்லியாகிவிட்டது, மூன்று ஒலிவியா, ஒரு ஜெனரஸ் கார்டனர். என் பணம், பேசாதே. குழி நீ தோண்டாதே, உன் இடுப்பு எனக்குத் தெரியும். மண்வெட்டியும் வாளியும் மட்டும் எடுத்து வை. ஸ்கேன் அந்த வாரம்தான் என்றால் உடனே சொல்லு, முன்னாலேயே வந்துவிடுகிறேன். செடிகளை ஓரமாக மண்ணில் படுக்க வைத்து வேரை மூடிவிட்டால் ஒன்றிரண்டு வாரம் தாங்கும்.

உன்,
வசந்தா

பி.கு.: குடை என்னிடம் இல்லை என்று பத்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் நம்பமாட்டாள்.