வாற்று எத்தனை என்று கேட்டது குற்றமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் கணினிப் பக்கத்தில், கேமிங் லப்டொப் வாங்குவோருக்கான ஆலோசனை என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில், திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்பைப் பற்றி ஒரு வரி: "கிராபிக்ஸ் சிப் சூடேறிப் பழுதாவதற்குப் பாவனையாளரின் கவனயீனமே காரணம், மெத்தைமேல் வைத்து விளையாடாமல், குளிரூட்டிய அறையில் பாவித்தால் பல வருடம் உழைக்கும்." எழுதியவர் யாரென்று தெரியவில்லை, பெயர் போடவில்லை. ஆனால் தாங்கள் வாசித்துத்தானே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் மெத்தை ஒன்றுதான் இருக்கிறது. அதில் நான் படுக்கிறேன். என் பெறாமகன் நாரிப்பிடிப்பு என்று சொல்லி எப்போதோ பாய்க்குப் போய்விட்டான். அவனுடைய லப்டொப் மேசையில்தான் இருந்தது. அடியில் காற்றுப் போக வேண்டுமென்று என்னுடைய பழைய பௌதிகவியல் வழிகாட்டிகள் இரண்டை வைத்துப் பின்பக்கத்தை உயர்த்தியிருந்தான். 31 வருடம் வெப்பவியல் படிப்பித்த புத்தகங்கள் கடைசியில் அதற்காவது உதவின.

அந்த லப்டொப்பை 2023 டிசம்பரில் வாங்கினேன். ஜனவரி பிறந்தால் வற் வரி 18 வீதம் என்று எல்லோரும் ஓடிய நேரம், நானும் ஓடினேன். நாலு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய், என் பணிக்கொடையில் மிஞ்சியிருந்த காசு. எந்தக் கம்பனி, எந்தக் கடை என்று எழுதமாட்டேன். வழக்கென்று வந்தால் அலைய எனக்கு முழங்கால் இடம் தராது. பையன் முப்பரிமாண அனிமேஷன் படிக்கிறான். விளையாடுவதும் உண்டு, மறைக்கவில்லை. கேமிங் லப்டொப் என்று பெயர் எழுதி விற்றதில் கேம் விளையாடியது குற்றமென்றால் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம்.

கடையில் நான் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இந்த கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாற்று?" அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "வாற்றா? அன்ரி, இது லப்டொப், பல்பு இல்ல."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் அசட்டுச் சிரிப்பொன்று சிரித்துவிட்டுக் காசைக் கட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. ஏனென்றால் கேட்க வேண்டியிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

தங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் தங்கள் கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். என்விடியா கம்பனியின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயரில் லப்டொப்பில் வரும் சிப்பை 35 வாற்றிலும் ஓட்டலாம், 115 வாற்றிலும் ஓட்டலாம். எவ்வளவு கொடுப்பதென்று தீர்மானிப்பது லப்டொப் செய்கிற கம்பனி. இரண்டுக்கும் வெளியே ஒட்டுவது ஒரே ஸ்டிக்கர். முன்பெல்லாம் குறைந்த வாற்றில் ஓடுவதற்கு "மக்ஸ்-கியூ" என்று பெயரிலேயே ஒரு வால் இருந்தது. 2021இல் லப்டொப்களுக்கு 30 வரிசை வந்ததோடு அந்த வால் போய்விட்டது. 35இல் ஓடுவதை வாங்கியவர் வேகம் காணாதென்று கவலைப்படுவார். 115ஐக் கொண்டுபோய் அப்பளம் மாதிரி மெல்லிசான உடம்புக்குள் அடைத்ததை வாங்கியவர் என்னைப்போலக் கடிதம் எழுதுவார். பழைய 100 வாற்று குண்டு பல்ப் எரியும்போது தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதைவிடக் கூடிய சூடு பெருவிரல் நகம் அளவான ஒரு சில்லிலிருந்து வருகிறது. பல லப்டொப்களில் பக்கத்திலிருக்கும் புரொசஸரும் அதே வெப்பக் குழாயில்தான் தன் சூட்டையும் கொட்டுகிறது. அன்ரி கேட்டது பல்ப் கணக்குத்தான் தம்பி.

14 மாதத்தில் திரையில் கோடுகள் வந்தன. பிறகு சதுரம் சதுரமாக நிறங்கள். பிறகு கறுப்பு. வொறண்டி இரண்டு வருடம் என்ற தைரியத்தில் கொண்டுபோனேன். ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, "மதர்போட்டில் தீய்ந்த அடையாளம் இருக்கு, வொறண்டி செல்லாது" என்றார்கள். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். தீய்ந்த அடையாளம், துரு, பூச்சி, மின்னல், மின் ஏற்ற இறக்கம், இவற்றுக்கெல்லாம் வொறண்டி இல்லையாம். ஆசிரியர் அவர்களே, கொழும்பில் ஒரு மின்சாதனம் சாகக்கூடிய வழிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வெள்ளவத்தையில் உப்புக்காற்றில் துருப்பிடிக்காத சாமான் எது? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதே, அந்தக் குரங்கை மட்டும்தான் பட்டியலில் காணவில்லை. சிப் தன் சூட்டில் தானே தீய்வதுதான் பழுது. தீய்ந்தால் வொறண்டி இல்லை. இதைப் பரீட்சையில் ஒரு பிள்ளை எழுதியிருந்தால் பூச்சியம் போட்டிருப்பேன்.

அந்தப் பட்டியல் முழுக்க ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில். கடையில் பேச்சு சிங்களத்தில். தமிழில் இருந்தது "நன்றி, மீண்டும் வருக" மட்டும். இதற்கு முதல் வேறொரு கடையில் வாங்கிய, மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் யூபிஎஸ் ஒன்று 357ஆவது நாள் நின்றது. ஓராண்டு வொறண்டி என்றால் 350 நாள் என்று அதே எறும்பெழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த 15 நாள் எங்கே போனதென்று கேட்டுத் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தாங்கள் அதை நாலு வரியாக வெட்டி, 350ஐயும் எடுத்துவிட்டு, "வாடிக்கையாளர் சேவை மேம்பட வேண்டும்" என்று தலைப்பிட்டீர்கள். கீழே என்னைத் "திரு" என்றும் போட்டீர்கள். நன்றி.

கவனயீனம் என்ற சொல்லுக்கு வருகிறேன். சிலிக்கன் சூட்டில் விரிவது மிகக் கொஞ்சம். அது உட்கார்ந்திருக்கும் பலகை அதைப்போல ஐந்தாறு மடங்கு விரியும். இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பவை கடுகிலும் சிறிய சோல்டர் (பற்றாசு) மணிகள். லப்டொப்பைப் போட்டால் விரியும், நிறுத்தினால் சுருங்கும். ஒவ்வொரு தரமும் அந்த மணிகள் இழுபடும். எங்கள் ஒழுங்கை முடிவில் ஓடும் கரையோரத் தண்டவாளத்தில் ஏன் இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். என் பெறாமகனின் சிப்புக்கு இதுதான் நடந்ததென்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் புறக்கோட்டையில் திருத்துபவர் ஒருவர் சிப்பைச் சூடாக்கிக் கொடுக்க, அது எழும்பி 19 நாள் ஓடி மறுபடி படுத்தது. விட்ட தொடுப்பு சூட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த மனிதர் முதலே சொன்னார், "ரீச்சர், இது மருந்தில்ல, மூச்சுக் குடுக்கிறது மாதிரி" என்று. எல்லாக் கடையிலும் எனக்கு நேர்மையாகக் கிடைத்த ஒரே வசனம் அது.

இது புதுக்கதையும் அல்ல. 2007இல் மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுக் கருவியின் பழுதுகளுக்காக வொறண்டியை 3 வருடமாக்கி, நூறு கோடி டொலருக்கு மேல் செலவைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. 2008 ஜூலையில் என்விடியா, லப்டொப் சிப்கள் சிலவற்றில் சில்லையும் அதைத் தாங்கும் பொதியையும் செய்யப் பாவித்த பொருட்கள் பலவீனமானவை என்று சொல்லி 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கியது. அவ்வருடம் ஒக்டோபரில் அப்பிள், அந்தச் சிப்பால் பழுதான மக்புக் புரோக்களை வொறண்டி முடிந்திருந்தாலும் வாங்கி 2 வருடத்துக்குள் என்றால் இலவசமாகத் திருத்தித் தருவதாக அறிவித்தது. என்விடியாவின் அந்த அறிவிப்பிலும் பாவனையாளர் பாவிக்கும் விதமும் ஒரு காரணம் என்று ஒரு சொல் செருகியிருந்தது. ஆனால் பொருளின் பலவீனமும் லப்டொப்பின் வெப்பம் வெளியேற்றும் அமைப்பும் அதே வசனத்தில் இருந்தன, காசும் ஒதுக்கினார்கள். தங்கள் பக்கத்துக்கு வந்து சேரும்போது மற்ற இரண்டும் கழன்று, நாங்களும் மெத்தையும் மட்டும் மிஞ்சியிருக்கிறோம்.

குளிரூட்டிய அறை என்கிறார். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய செய்திகளைத் தாங்களே முதற்பக்கத்தில் போட்டீர்கள். லப்டொப்பின் மின்விசிறி குளிரை உண்டாக்காது. அறைக்காற்றைத்தான் அள்ளி எறியும். 22 பாகை அறையில் 78 பாகையில் நிற்கும் சிப், சித்திரை மாதத்து இரவில் 31 பாகை அறையில் ஏறத்தாழ 87ஐத் தொடும். யாரோ குளிர்நாட்டில் சோதித்து எழுதியதைத் தமிழாக்கிப் போடும்போது இந்த 9 பாகையையும் கூட்டியிருக்கலாம்.

என் காசைத் தாங்கள் வாங்கித் தரவேண்டாம். அதற்கு எழுதவேண்டிய இடத்துக்கு எழுதியிருக்கிறேன். தங்களிடம் கேட்பது, அதே பக்கத்தில் கிழமைதோறும் போடும் லப்டொப் விலை அட்டவணையில் ஒரு நிரல் கூட்டி, கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாற்று என்று போடுங்கள். கடைகள் சொல்லாவிட்டால் "சொல்லவில்லை" என்று போடுங்கள், அதுவும் எங்களுக்கு ஒரு தகவல்தான். இடம் காணாதென்றால் இராசிபலனில் இரண்டு இராசியைக் குறைக்கலாம். என்னுடையது கன்னி, எனக்கு ஆட்சேபணை இல்லை.

இக்கடிதத்தைச் சுருக்குவதானால் மெத்தையை வெட்டுங்கள், குரங்கை வெட்டுங்கள். 35, 115 என்ற இரண்டு எண்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை (திரு அல்ல),
வெள்ளவத்தை, கொழும்பு 6.