குளத்து வாத்து உன் பக்கம்தான் கிளம்பியிருக்கிறது

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போனில் பேசினதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. லடாக்கில், லேவில் இறங்கின அன்றைக்கே சாந்தி ஸ்தூபிப் படியெல்லாம் ஏறினேன், ராத்திரி தலை பிளந்தது, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன் என்று ஏதோ கொடைக்கானலுக்குப் போய்வந்த கதை மாதிரி சொல்கிறாய். 3,500 மீட்டர் உயரம் ஐயா அது. இங்கே இழுக்கிற ஒரு மூச்சில் வருகிற ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே வரும். முதல் இரண்டு மூன்று நாள் பேசாமல் படுத்திரு என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லியும் நீ கேட்கவில்லையாமே. போனில் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்ம கூந்தன்குளத்துக்கு மார்கழி, தையில் வருமே வரித்தலை வாத்து, ஞாபகம் இருக்கா? சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, கண்ணிலிருந்து கண் வரைக்கும் உச்சி வழியாக ஒரு கறுப்புப் பட்டை, பிடரியில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. விபூதியைக் கறுப்பாக, அதுவும் பின்மண்டையில் பூசிக்கொண்டு வந்திருக்கிறது என்று சின்ன வயசில் நீதான் சொன்னாய். கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள் வேப்பமரத்திலேயே கூடு கட்டும், கீழே விழுந்த குஞ்சை நம்ம சனங்கள் எடுத்து வளர்ப்பார்கள், தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள், அதெல்லாம் நீ பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் இந்த வாத்து இங்கே கூடு கட்டாது. பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கூட்டமாகக் கத்திக்கொண்டே வயலுக்கு மேய எழும்பும். கோடை தொடங்கினால் கிளம்பிவிடும். மங்கோலியாவில் முட்டையிடும், திபெத்தில் முட்டையிடும், இப்போது நீ இருக்கிற லடாக்கிலும் சோ மோரிரி ஏரிக்கரையில் முட்டையிடும். அது உன்னுடைய லேவைவிட இன்னும் 1,000 மீட்டர் மேலே.

வடக்கே போகிறது இமயமலையைத் தாண்டித்தான். இரண்டரை, மூன்று கிலோ எடையுள்ள பறவை. மங்கோலியாவில் அது இறகு உதிர்த்துப் பறக்கமுடியாமல் இருக்கிற சமயத்தில் பிடித்து, கருவி பொருத்தி விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மலையின் தெற்குச் சரிவை ஏழெட்டு மணி நேரத்தில் ஏறிவிடுகிறது, இடையில் இறங்கி ஓய்வெடுக்காமல், பின்காற்றின் உதவியும் இல்லாமல். 7,290 மீட்டர் வரைக்கும் ஒன்று போயிருக்கிறது. மனுசர்கள் அந்த உயரத்துக்குப் பல வாரம் தங்கித் தங்கி ஏறுகிறார்கள்.

ஆனால் அது ஏறுகிற விதம் இருக்கிறதே, அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஒரே மூச்சாக உச்சிக்கு ஏறி அப்படியே நேராகப் போய்விடும் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லையாம். மலை எப்படி ஏறி இறங்குகிறதோ அதை ஒட்டியே அதுவும் போகிறது. பள்ளத்தாக்கு வந்தால் கீழே இறங்கிவிடுகிறது, அடுத்த மலைக்குத் திரும்ப ஏறவேண்டும் என்று தெரிந்தே இறங்குகிறது. மேலேயே நின்றால் காற்று லேசு, இன்னும் வேகமாகச் சிறகடிக்கவேண்டும், சிறகடிப்பு கொஞ்சம் கூடினாலும் உடம்புக்கு ஆகிற செலவு எக்கச்சக்கமாக ஏறிவிடும். இறங்கி ஏறுகிறதுதான் அதற்கு லாபம். பெரும்பாலும் 6,000 மீட்டருக்குக் கீழேதான் பறக்கிறது. அதுவும் ராத்திரியிலும் விடியற்காலையிலும், காற்று குளிர்ந்து அடர்த்தியாக, அடங்கி இருக்கிற நேரமாகப் பார்த்து.

உடம்பும் அதற்கென்றே அமைந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. நமக்கு மூச்சு வந்த வழியே திரும்பிப் போகும், பறவைக்கு நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடும், அதனால் மூச்சை வெளியே விடும்போதும் புதுக்காற்று நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். இந்த வாத்துக்கு நுரையீரலும் மற்ற வாத்துகளைவிடப் பெரிசு. அப்புறம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் சில இடங்களில் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதனால் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

ஜெஸ்ஸிகா மீர் என்று ஒரு அம்மா, இந்த வாத்துகளைக் குஞ்சிலிருந்தே வளர்த்து ஆராய்ச்சி செய்தார். முட்டையை உடைத்து வெளியே வந்ததும் பார்த்த முகம் அவருடையது, அதனால் அவரைத்தான் தாய் என்று நினைத்து எங்கே போனாலும் பின்னாலேயே போயின. அவர் ஸ்கூட்டரில் போனால் பக்கத்திலேயே பறந்து வந்தன. பிறகு முகமூடி மாட்டி, காற்றுச் சுரங்கத்தில், அதாவது எதிரே வேகமாகக் காற்றை ஓடவிடுகிற கூண்டில் பறக்கவிட்டு, ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார், கிட்டத்தட்ட எவரெஸ்ட் உச்சியில் இருக்கிற அளவுக்கு. அப்போதும் சில பறந்தன. இருதயம் படபடவென்று அடித்துக்கொள்ளவில்லை, உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொண்டது, இரத்தம் குளிர்ந்தது, குளிர்ந்த இரத்தம் ஆக்சிஜனைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். இந்த ஆராய்ச்சி 2019 செப்டம்பரில் வெளியானது, அதே மாதம் அந்த அம்மாவே விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். இதைப் படித்தபோது அந்தக் குஞ்சுகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நீ அந்த வாத்து இல்லை ஐயா. உன் இரத்தம் குளத்துக்கரையில் ஊறினது. தண்ணீர் நிறையக் குடி, படியேறுகிறதை ஒரு வாரத்துக்குத் தள்ளிப்போடு, தலைவலி திரும்ப வந்தால் மாத்திரையைப் போட்டுச் சமாளிக்காமல் டாக்டரிடம் போ. எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்க என்ன இருக்கு.

போன வாரம் மூலைக்கரைப்பட்டி போய்த் திரும்பும்போது குளத்தங்கரையில் பறவை பார்க்கிற கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன், பத்துப் பன்னிரண்டு நின்றன. ஒன்று மட்டும் கரைக்கு வந்து, மஞ்சள் காலை மாற்றி மாற்றி வைத்துப் புல்லைப் பறித்துத் தின்றது. அவ்வளவு அவசரமாக அது மேய்ந்து நான் பார்த்ததில்லை, ஒரு வாய் விழுங்குவதற்குள் அடுத்த வாய். நேற்றுப் போனால் ஒன்றுகூட இல்லை, தண்ணீரும் வற்றிவிட்டது.

பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் பார்சலில் வருகிறது. ஜூன் மாசம் வாக்கில் அங்கே குஞ்சு பொரித்திருக்கும். உடம்பு சரியாகி, அந்த ஏரிப் பக்கம் வேலையாகப் போனால், தூர நின்றே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. குஞ்சாக நான் அதைப் பார்த்ததே இல்லை.

அம்மா