ரெண்டு பொட்டலம் எதற்கு என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள்

பினாங்கின் தனியார் கிளினிக் டாக்டர்களுக்கும், பல் டாக்டர்களுக்கும், கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த்தில் ஒரு பார்மசியில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மெட்ரோனிடசோல் என்ற ஒரே மாத்திரைக்காக இந்த மடல்.

பல் வேரில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கிப் போன பெரியவர்கள், நீங்கள் கொடுத்த இரண்டு பொட்டலத்தையும் கொண்டுவந்து எங்களிடம் காட்டுகிறார்கள். "ரெண்டுமே ஆண்டிபயாடிக்காம், பேத்தி படிச்சுச் சொன்னா. ஒண்ணு போதாதாம்மா?" கேட்கிறவர்கள் தப்பித்தார்கள். கேட்காதவர்கள் வாய்க்குப் பிடிக்காத பொட்டலத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் மெட்ரோனிடசோல்தான்.

சீழ்க்கட்டிக்குள்ளும் ஈறுக்கு அடியிலும் ஆக்சிஜன் குறைவு. அது இல்லாமலே வாழும் கிருமிகளுக்கு அந்த இடம் வசதி. வெடித்த அப்பெண்டிக்ஸிலும் பெண்களின் கருப்பைத் தொற்றிலும் இதே வகைக் கிருமிகள் சேர்ந்துகொள்ளும். மெட்ரோனிடசோல் உள்ளே போனதும் இந்தக் கிருமிகளின் சொந்த வேதிவினையே அதை மாற்றி, அவற்றின் டிஎன்ஏவை உடைக்கும் பொருளாக்கிவிடுகிறது. ஆக்சிஜனில் வாழும் கிருமிகளிடம் அந்த மாற்றம் நடப்பதில்லை. அவற்றுக்காகத்தான் கூடவே அமாக்சிசிலின் போன்ற இன்னொரு மருந்து. ஒன்றை விட்டால் பாதிக் கூட்டம் தப்பிவிடும்.

இந்தக் குணம் தெரியவந்ததே ஒரு நோயாளி வாய் திறந்து பேசியதால்தான். டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காக வந்த மருந்து இது. அதற்காக இதைச் சாப்பிட்ட ஒரு பெண், தன் ஈறுப் புண்ணும் ஆறியதாகச் சொன்னார். அந்தச் செய்தி 1962இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. நோயாளியோடு பேசுவதை நேர விரயமென்று நினைக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாப்பிட்டால் வாயெல்லாம் இரும்புச் சாவியை நக்கினாற்போல இருக்கிறது என்பார்கள். சிலருக்குக் குமட்டும், சிறுநீர் கருத்துப் போகும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பயந்து நிறுத்த மாட்டார்கள்.

மது விஷயத்தைத் தயங்காமல் கேளுங்கள். பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். பீர், சம்சு, கள்ளு எதுவும் கூடாது என்று பெயர் சொல்லியே சொல்ல வேண்டும். மாத்திரை முடிந்தும் குறைந்தது 2 நாள் தள்ளியிருக்க வேண்டும். சில மருந்துக் குறிப்புகள் 3 நாள் என்கின்றன. இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களா என்றும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தப்போக்கு அபாயம் கூடும்.

இன்னொன்று. வீக்கம் வடிந்ததும் மீதி மாத்திரை பிஸ்கட் டின்னுக்குப் போய், அடுத்த பல்வலிக்கு அண்டை வீட்டுக்காரருக்குக் கைமாறுகிறது. கட்டியைக் கீறிச் சீழை எடுக்காமல், பல்லைக் கவனிக்காமல், மாத்திரை மட்டும் போதாது என்பதை அவருக்கு யார் சொல்வது?

லேபிளில் இருப்பதெல்லாம் மலாய் அல்லது ஆங்கிலம். தோட்டத்தில் வளர்ந்த நம் பாட்டிகளில் பலருக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும். ஆகவே பொட்டலத்தோடு ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டு வையுங்கள். எதற்கு இந்த மாத்திரை, எத்தனை நாள், வாய் எப்படி இருக்கும், மது கூடாது, மீதி வைக்காதே, யாருக்கும் கொடுக்காதே. பெரிய எழுத்தில் இவ்வளவு இருந்தால் போதும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். மருந்து விவரத்தை உங்கள் மருந்தாளர் ஒருமுறை சரிபார்த்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.