பணம் ஏன் கேக்கறதில்ல கண்ணு?

கண்ணு,

நல்லா இருக்கியா. இத போன்ல பேசலாம்னா உங்கம்மா ஸ்பீக்கர்ல போடச்சொல்லி பக்கத்துலயே உக்காந்துக்கறா, ஆத்தா வேற என்ன சொல்றா என்ன சொல்றான்னு கேட்டுட்டே இருக்குது, அந்தச் சத்தத்துல நான் என்னத்த பேசறது. அதனால டைப் பண்ணி அனுப்பறேன். எக்ஸாம் முடிஞ்சதும் நிதானமா படி. உடனே பதில் போடோணும்னு இல்ல, ஆனா போடு.

இங்க எல்லாரும் சௌக்கியம். ஆத்தாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்குது. செவலை கன்னு போட்டுருச்சு, கிடேரி. சாளைக்கு மேக்கால இருக்கற தென்னைல வெள்ளை ஈ குறைஞ்ச மாதிரி தெரியுது, மழை கழுவி விட்டிருக்கும். தம்பி படிக்கறானான்னு கேக்காத, போன நோண்டறான். அங்க குளுரு மைனஸ்ல போகுதுன்னு போன்ல காட்டுது, உடுமலைக்குக் கீழ நீ இருக்கற அமெரிக்கா ஊரு சாம்பெய்னையும் சேத்து வெச்சிருக்கேன், காலைல எந்திரிச்சதும் ரெண்டையும் பாத்துட்டுத்தான் பாலுக்குப் போறது. கோட்டு போடாம வெளிய போகாத. கைக்கு உறை போடு.

சாப்பாடு எப்படி? சாப்புடறியா? அம்மா கேட்டா சாப்டேன்னு சொல்லற, ஆனா உன்ற மூஞ்சி ஒட்டிப்போய்த்தான் தெரியுது.

நேரா கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கறது ஒண்ணு இருக்குது. ஆகஸ்ட்டுல போனப்ப பணம் கேட்ட, கம்பளிக்கோட்டு வாங்கோணும்னு. அப்பறம் செப்டம்பர்ல கேட்ட. அக்டோபர்ல ரூம் வாடகைக்குக் கேட்ட, அதுக்கு எத்தன தடவ சாரி சொன்ன தெரியுமா. அதுக்கப்பறம் கேக்கறதே இல்ல. நானா அனுப்பட்டான்னு கேட்டா "வேண்டாம்பா இருக்குது" அப்படிங்கற. எங்கிருந்து கண்ணு இருக்குது? டாலரு வெல ஏறி நிக்கற நேரத்துல, நாங்க அனுப்பாத பணம் உன்ற கைல எப்படி இருக்குது?

மிச்சம் புடிச்சிருப்ப, நீ சின்னதுலயே அப்படித்தான், அப்பாரு நோம்பிக்குக் குடுத்த காச அடுத்த நோம்பி வரைக்கும் வெச்சிருப்ப. அப்படின்னுதான் நானும் சொல்லிக்கறேன். ஆனா போன வெள்ளிக்கெழம காலைல தோட்டத்துல இருந்து கூப்டேன் பாரு, உனக்கு அப்ப வியாழக்கெழம ராத்திரி 10 மணி. பின்னாடி ஏனம் கழுவற சத்தம் கேட்டுச்சு, ஒரு பாத்திரம் ரெண்டு பாத்திரம் இல்ல, கல்யாண வீட்டுப் பந்தில கேக்குமே அந்த மாதிரி. தலைல கருப்பா ஒரு தொப்பி. குளுருக்குப் போட்டதுன்ன. குளுருக்குப் போடற தொப்பி காத மூடும் கண்ணு, இது முன்னால மட்டும் நீட்டிட்டு இருந்துச்சு. ஃப்ரெண்டு ரூம்ல இருக்கேன் அப்பறம் கூப்பிடறேன்னு கட் பண்ணிட்ட. அதுக்கப்பறம் வீடியோ கால் வர்றதே இல்ல, வெறும் மெசேஜ்தான், அதுவும் ம்ம், சரி, சாப்டேன்.

நான் திட்டறதுக்கு எழுதல. எங்காச்சும் ஓட்டல்ல கைக்காசுக்கு வேலைக்குப் போறியா? போனா சொல்லு. போகலைன்னா அப்பன் கெடக்கறான்னு விட்டுரு.

ஏன் பயப்படறேன்னு சொல்றேன். டல்லாஸ்ல இருக்கற அத்தை பையன்கிட்ட உன்ற பேரச் சொல்லாம பொதுவா கேக்கற மாதிரி கேட்டேன். நீ இங்கத்த காலேஜ்ல இருந்து எக்ஸ்சேஞ்ச்ல படிக்கப் போயிருக்கறது ஜே 1 விசா, அந்த விசாவுக்குக் குடுத்த டிஎஸ் 2019 பேப்பர்ல யூனிவர்சிட்டிதான் உனக்குப் பொறுப்பு. வேலை செய்யவே கூடாதுன்னு இல்லயாம. இன்டர்நேஷனல் ஆபீஸ்ல முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கிட்டு கேம்பஸுக்குள்ளயே வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் செய்யலாம், லீவுல அதுக்கு மேலயும் செய்யலாம். மெஸ்ஸு, லைப்ரரி, லேபுன்னு எல்லாத்துலயும் புள்ளைங்க வேலை செய்யுதாம. நீ இருக்கற இல்லினாய்ஸ் மாநிலத்துல மணிக்கு 15 டாலருக்குக் கொறஞ்சு கூலி குடுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்குது. ராத்திரில கூப்புட்டு கைல காசு குடுக்கறவன் அந்தச் சட்டத்த மதிச்சாக் குடுப்பான்? அனுமதி இல்லாம வெளிய வேலை செஞ்சது தெரிஞ்சா ப்ரோக்ராமயே நிறுத்திரலாமாம. நிறுத்துனா மே மாசம் முடிஞ்சப்பறம் ஊரச்சுத்திப் பாக்கக் குடுக்கற அந்த 30 நாளு கூட கெடையாது, பொட்டியக் கட்ட வேண்டியதுதான். அப்பறம் வேற எதுக்கு விசா கேட்டாலும் அது முன்னால வந்து நிக்கும்.

இந்த 2025ல என்ன நடந்துச்சுன்னு உனக்கே தெரியும். ஏப்ரல்ல அங்க படிக்கற புள்ளைங்க ஆயிரக்கணக்கான பேரோட, படிக்கறாங்கன்னு கவர்மெண்டு வெச்சிருக்கற ரெக்கார்ட திடீர்னு நிறுத்தி, அவிய கோர்ட்டுக்குப் போய் அப்பறம்தான் திரும்பக் குடுத்தாங்க. நீ கெளம்பற நேரம் பாத்து விசா இன்டர்வியூவுக்குத் தேதியே குடுக்காம நிறுத்தி வெச்சாங்க. ஜூன்ல திரும்ப ஆரம்பிச்சப்ப இன்ஸ்டாகிராம ஊரே பாக்கற மாதிரி தொறந்து வெக்கோணும்னாங்க, நீயும் தம்பியும் ராத்திரி முழுக்க பழைய போட்டோவெல்லாம் பாத்துட்டு இருந்தீங்க. ஜெமினி பாலத்துக்குப் பக்கத்துல அந்தக் கான்சலேட்டு வாசல்ல வெயில்ல நான் நின்னது இருக்கட்டும், நீ உள்ள போய்ட்டு வெளிய வந்தப்ப உன்ற மூஞ்சி இருந்துச்சு பாரு, அது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. அத்தன கஷ்டப்பட்டு வாங்குனத ஏனம் கழுவற வேலைக்கு விட்டுராத.

ஏனம் கழுவறது கேவலம்னு சொல்லல. உங்க மாமன் திருப்பூர்ல பட்டதெல்லாம் நீ பாத்துருக்க. எந்த வேலையும் கேவலம் இல்ல. அனுமதி இல்லாம செய்யறதுதான் தப்பு.

உனக்கு ஏன் இந்த ரோசம்னும் எனக்குத் தெரியும். சொசைட்டில அம்மா வளையல வெச்சது உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இருந்தோம், தம்பி சொல்லிட்டான். அவன நான் கேட்டுக்கறேன். ட்யூஷன் ஃபீஸ் இங்க காலேஜ்ல கட்டுறதோட சரி, அங்க கட்ட வேண்டியதில்ல, அதுதான் எக்ஸ்சேஞ்சுல போறதுக்கு வசதியே. ரூம், சாப்பாடு, இன்சூரன்ஸ் இது மூணுதான் நம்ம தலைல. அதக் கணக்குப் போட்டுத்தான் அனுப்புனேன். இந்த வருசம் காய்ப்பு கம்மிதான், ஆனா தேங்கா வெல எப்பவும் இல்லாத வெல வித்துச்சு, அந்தக் காச தனியா எடுத்து வெச்சிருக்கேன். மக்காச்சோளம் தை மாசம் அறுப்பு, கருது நல்லா புடிச்சிருக்கு, கோழித்தீவனத்துக்கு இப்பவே கேட்டுட்டு இருக்காங்க. பணம் இல்லாம இல்ல. நீ கேக்காததுதான் எங்களுக்குக் கஷ்டமா இருக்குது.

உன்னயப் பத்தி நான் வெளிய எவ்வளவு பேசறேன்னு தெரிஞ்சா நீ சிரிப்ப. அந்த மாரோ பிளாட்ஸ் போட்டோ அனுப்புன பாரு, அத டீக்கடைல காட்டாத ஆளில்ல. 1876ல இருந்து அதே எடத்துல மக்காச்சோளம் போட்டு எழுதி வெச்சுட்டு வர்றாங்க, அமெரிக்காலயே பழைய சோதனைக் காடு அது, பக்கத்துல லைப்ரரி கட்டுனா பயிருக்கு நெழல் விழும்னு லைப்ரரியவே மண்ணுக்கடில கட்டியிருக்காங்கன்னு நான் சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல, உன்ற போட்டோவக் காட்டுனப்பறம்தான் வாய மூடறாங்க. வருசா வருசம் மக்காச்சோளமே போட்ட பாத்தியும் மாத்தி மாத்திப் போட்ட பாத்தியும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது, மாத்திப் போட்டதுதான் அதிகம் வெளையுதுன்னு நீ எழுதுனத படிச்சுட்டுத்தான் கெழக்கு காட்டுல இந்தத் தடவ உளுந்து போட்டேன். ஒரு காட்டுக்காக ஒரு கட்டடத்தையே மண்ணுக்குள்ள எறக்குனவங்க இருக்கற எடத்துல என்ற புள்ள படிக்குதுன்னா எனக்கு எப்படி இருக்கும்.

அந்தக் கறுத்த மண்ணு, ஒரு கல்லு கூட இல்லைன்ன, தண்ணி நிக்கக்கூடாதுன்னு மண்ணுக்கடில பைப் பதிச்சு வெளிய தள்ளறாங்கன்ன. இங்க பரம்பிக்குளம் ஆழியாறு (பிஏபி) வாய்க்கா தண்ணிக்கு நம்ம மண்டலம் எப்ப வரும்னு ரெண்டு வருசம் காத்துக் கெடக்கறோம், அங்க தண்ணிய வெளிய தள்றதுக்கு செலவு பண்றாங்க. அதயெல்லாம் பாத்து எழுதி வெச்சுக்கோ. 2018ல படைப்புழு வந்து கருதே இல்லாம குருத்தெல்லாம் தின்னுட்டுப் போச்சே, அப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பைய எறிஞ்சுட்டு குருத்தப் பிரிச்சு உக்காந்து புழுவ எண்ணுன. அந்தப் புழு அமெரிக்காக் கண்டத்துல இருந்துதான் வந்துச்சுன்னு அப்பறம்தான் சொன்னாங்க. அன்னிக்கே இந்தப் படிப்புதான் படிப்பேன்ன. அந்த எடத்துக்கே போயிட்ட. போயிட்டு, ராத்திரி முழுக்க ஓட்டல்ல நின்னுட்டு காலைல கிளாஸ்ல தூங்குனா எதுக்குப் போன? எக்ஸ்சேஞ்ச் முடிஞ்சா முடிஞ்சதுதான், இந்த வருசம் திரும்ப வராது. அந்த ப்ரொஃபசர் லேபுக்கு வரச்சொன்னாருன்னு அக்டோபர்ல சொன்ன, அப்பறம் அதப்பத்திப் பேச்சே இல்ல. போனியா? போகலைன்னா ஏன்?

கோபமா எழுதறேன்னு நெனக்காத.

ஒருவேள போயிட்டு இருந்தீன்னா, நாளைல இருந்து போகாத. முடிச்சுட்டு வர்றேன் ஒரு வாரம் சொல்லிட்டு வர்றேன்னு இழுக்காத. கூலி பாக்கி இருந்தா போகட்டும். இதுவரைக்கும் போனதுக்கு என்ன பண்றதுன்னு விசா விசயம் தெரிஞ்ச வக்கீல ஒருக்கா பாத்துரு, காசு கேப்பாங்கன்னு அத்தை பையன் சொல்லறான், கேக்கட்டும், நான் தர்றேன். யாருகிட்டயும் நீயா பொய்யா எதயும் எழுதிக் குடுத்துராத. அப்பறம் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல போய் கேம்பஸுக்குள்ள வேலைக்கு அனுமதி எப்படி வாங்கறதுன்னு கேளு, கெடச்சா சந்தோசமா செய், நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். கெடைக்கலைன்னா படி. அவ்வளவுதான்.

உடம்புக்கு ஏதாச்சும்னா கேம்பஸ்ல அந்த மெக்கின்லி ஆஸ்பத்திரி இருக்குதல்ல, போ. இன்சூரன்ஸுக்குப் பணம் கட்டிருக்கோம், ஜே 1ல அது இல்லாம விடவே மாட்டாங்க, கட்டிட்டு மாத்திரை போட்டுப் படுத்துக்கறது எந்த ஊரு நாயம். கையில சோப்புத் தண்ணி பட்டுப்பட்டு வெடிச்சிருந்தா தேங்கா எண்ண தடவு. பிரேக்ல ரூம்ல தங்கறதுக்கு முன்னாடியே சொல்லி வெக்கோணும்னு சொன்னியே, சொல்லிட்டியா? சிகாகோவுக்கு ஃப்ரெண்டுங்க கூட போறதுன்னா போ, காசு பாத்துட்டு ரூம்லயே கெடக்காத. ஆனா எங்க தங்கறன்னு அட்ரஸ அனுப்பிட்டுப் போ. கோட்டு போடு.

அம்மாகிட்ட இதப்பத்தி எதுவும் சொல்லல, நீயும் சொல்லாத, அவளுக்கு தூக்கம் போயிரும். என்கிட்ட சொல்லு. என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்ன.

திங்கக்கெழம உடுமலை போறேன், பேங்க்ல வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பற ஏ2 பாரம் எழுதிக் குடுத்துட்டு பிப்ரவரி வரைக்கும் ஆகற வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மொத்தமா போட்டு விட்டர்றேன். மேனேஜர் போன தடவ அக்கவுண்ட் நம்பர்ல ஒரு எண்ணு தப்பாகி திரும்பி வந்ததச் சொல்லி கவனமா எழுதச்சொன்னாரு. அதே அக்கவுண்டுதானா, மாத்திட்டியா? அத மட்டும் ஞாயித்துக்கெழமக்குள்ள அனுப்பு, ரூம் வாடகை எவ்வளவுன்னு சரியா எழுது, கம்மியா எழுதாத.

அப்பா