மார்பகப் புற்றுநோய் ட்ரயல் நடத்துறவங்களுக்கு ஒரு ஆம்பளை பேஷன்ட் எழுதுறது

வணக்கம். புது மருந்தை ஆளுங்ககிட்ட சோதிச்சுப் பாக்குற ட்ரயலுக்கு ப்ரோட்டோகால் (விதிமுறை) எழுதுற டாக்டருங்க, அதுக்குப் பணம் போடுற மருந்து கம்பெனிக்காரங்க, படிச்சுப் பாத்து கையெழுத்து போடுற எத்திக்ஸ் கமிட்டிக்காரங்க, எல்லாருக்கும் சேத்துத்தான் இது. எனக்கு ஸ்டேஜ் 4 மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருக்கு. ஆம்பளைங்களுக்கு இது வரும்னு மத்தவங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்குது, உங்களுக்கு அந்தப் பாடம் வேணாம்.

நேரா கேக்குறேன். உங்க ட்ரயல்ல எங்களையும் சேத்துக்குங்க, சேத்துட்டு எங்க ரிசல்ட்டைத் தனியா வெளியிடுங்க.

ஆளு கிடைக்க மாட்டாங்கன்னு சொல்வீங்க. மொத்த கேஸ்ல நூத்துக்கு ஒண்ணுதான், ஒத்துக்கிறேன். ஆனா பல நாட்டு ஆஸ்பத்திரிங்க கைகோத்து, 1990-லேந்து 2010 வரைக்கும் கண்டுபிடிச்ச 1483 ஆம்பளைங்களோட டேட்டாவை அலசியிருக்காங்களே! அதுல பரவாத கேஸ்கள்ல 99 சதவீதத்துக்கு மேல ஈஸ்ட்ரோஜன் ரிசப்டார் பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோனால வளர்ற வகை). அதாவது எங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஹார்மோன் ட்ரீட்மென்ட்தான் உயிரு, அதுலதான் எங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியும் நிறைய.

முதல்ல ஈஸ்ட்ரோஜன் கட்டியில வேலை செய்யாம தடுக்கிற டமாக்ஸிஃபென் குடுப்பாங்க. அது கேக்காமப் போச்சுன்னா ஈஸ்ட்ரோஜன் உருவாகுறதையே குறைக்கிற லெட்ரோசோல் மாதிரி மாத்திரை. பீரியட்ஸ் நின்ன பொம்பளைங்களுக்கு அந்த மாத்திரையே போதும், எங்களுக்குப் போதாது, ஏன்னா ஈஸ்ட்ரோஜன் குறையுதுன்னு மூளைக்குத் தெரிஞ்ச உடனே அது விரைக்கு இன்னும் வேலை செய்னு ஆர்டர் போடும், டெஸ்டோஸ்டிரோன் ஏறும், அதுலேந்து திரும்ப ஈஸ்ட்ரோஜன் உருவாகும். அதனால அந்த ஆர்டரை நிறுத்த கூடவே ஒரு ஊசி. 28 நாளைக்கு ஒரு தடவை வயித்துத் தோலுக்கு அடியில அரிசி மாதிரி ஒரு குச்சியைத் தள்ளுவாங்க, ஊசி நல்ல தடிமன், நான் அந்தப் பக்கமே பாக்குறதில்ல. அப்புறம் உடம்பு திடீர்னு கொதிக்கும், முட்டி வலிக்கும், தாம்பத்ய ஆசைன்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோகும்.

இதைப் பத்தி கேக்க உங்க ஃபார்ம்ல இடமே இல்ல. ஒரு ஆஸ்பத்திரியில சைடு எஃபெக்ட் ஃபார்ம் குடுத்தாங்க, "கடைசி பீரியட்ஸ் தேதி"ன்னு ஒரு கட்டம், நான் கோடு போட்டு விட்டேன், நர்ஸம்மா சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். விறைப்பு வருதா, மாத்திரையை இடையில விட்டீங்களான்னு ஒரு வரி கிடையாது. இதெல்லாம் தாங்காமத்தான் பல பேரு யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையை நிறுத்திடுறாங்க.

அந்த ஊசி சேத்தா ஆயுசு எவ்ளோ கூடும்? ஜெர்மனியில 50 சொச்சம் ஆம்பளைங்கள வச்சு ஒரு ட்ரயல் நடந்துச்சு, நல்ல முயற்சி, ஆனா அவங்க பாத்தது ரத்தத்துல எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜன்ல முக்கியமானது) எவ்ளோ இறங்குதுன்னு, எவ்ளோ நாள் உயிரோட இருந்தாங்கன்னு இல்ல.

புது மருந்து கதையைப் பாருங்க. புற்றுநோய் செல் பெருகுறதைத் தடுக்கிற பால்போசிக்ளிப்போட பெரிய ட்ரயல்கள்ல பொம்பளைங்க மட்டும்தான். 2019 ஏப்ரல்ல எஃப்டிஏ (அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) எங்களுக்கும் அனுமதி குடுத்துச்சு, எதை வச்சு? இன்சூரன்ஸ் ரெக்கார்டு, ஆஸ்பத்திரி ரெக்கார்டு, கம்பெனியோட சைடு எஃபெக்ட் டேட்டாபேஸ். குடுத்ததுக்கு நன்றிதான், ஆனா டாக்டருங்க ஏற்கனவே எழுதிக்குடுத்து, ஆளுங்க சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம் வந்த ஆதாரம் அது. பிஆர்சிஏ ஜீன்ல கோளாறு இருக்குறவங்களுக்கான ஒலாபாரிப் மருந்தோட ட்ரயல்ல 302 பேர்ல ஆம்பளைங்க 7 பேரு. எங்கள்ல பிஆர்சிஏ 2 ஜீன் கோளாறு இருக்குறவங்க கணிசம், அந்த மருந்து எங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, ஆனாலும் 7!

பால்போசிக்ளிப் வகையைச் சேந்த ரிபோசிக்ளிப்ல ஒரு பெரிய ட்ரயல், 3246 பேர்ல 39 ஆம்பளைங்க. எண்ணிக்கை சின்னதுதான், ஆனா அந்த 39 பேரோட ரிசல்ட்டைத் தனியா எழுதி வெளியிட்டாங்க, அதை என் டாக்டர் மேஜையில வச்சு எனக்குக் காட்ட முடிஞ்சுது. இதைத்தான் மத்தவங்களும் செய்யுங்கன்னு கேக்குறேன்.

அமெரிக்காவுல 2004-லேந்து 2014 வரைக்குமான ரெக்கார்டுல 16,025 ஆம்பளைங்களைப் பாத்த ஆய்வு ஒண்ணு 2019-ல வந்துச்சு. எல்லா ஸ்டேஜும் சேத்து அஞ்சு வருஷம் உயிரோட இருந்தவங்க ஆம்பளைங்கள்ல 77.6 சதவீதம், பொம்பளைங்கள்ல 86.4. லேட்டா கண்டுபிடிக்கிறது, ட்ரீட்மென்ட் சரியா போய்ச்சேராததுன்னு இந்த வித்தியாசத்துல பாதிக்கு மேல காரணம் சொல்லிட்டாங்க, மிச்சத்துக்கு விளக்கம் கிடைக்கல. கிடைக்கணும்னா எங்களைச் சேத்துப் படிச்சாத்தானே கிடைக்கும்?

ஆம்பளைங்களையும் சேத்துக்குங்கன்னு எஃப்டிஏவே 2020-ல வழிகாட்டுதல் வெளியிட்டாச்சு. கட்டாயம் இல்ல, வழிகாட்டுதல்தான், அதான் பல ப்ரோட்டோகால்ல "பெண்கள், 18 வயசுக்கு மேல"ன்னு பழைய வரியே காப்பி ஆகி வருது. அடுத்த ப்ரோட்டோகால் உங்க மேஜைக்கு வரும்போது அந்த வரியை அடிங்க. ஆம்பளைங்களுக்கு ஊசி எப்போ, எந்த டோஸ்னு அதுலயே எழுதுங்க. எங்களை வெளிய வைக்கணும்னா மருத்துவக் காரணத்தை எழுத்துல போடுங்க, எத்திக்ஸ் கமிட்டிக்காரங்க அந்தக் காரணம் இல்லாம கையெழுத்து போடாதீங்க. அந்த ஃபார்ம்ல எங்களுக்கும் நாலு கட்டம் சேத்துடுங்க, கோடு போட்டுப் போட்டு பேனா தேயுது.